எச்சரிக்கை ஆங்கிலம்: திருச்சி, ஸ்ரீரங்க வழக்கு பற்றிய ஓர் ஆய்வு

திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் பிறரை எச்சரிப்பதற்கென்று புழங்கும் ஆங்கிலச் சொற்கள் ஒரு டஜன்: டேஞ்சர், வார்னிங், காஷன், அட்டென்ஷன், அலர்ட், அலாரம், எமர்ஜென்சி, ஹசார்டு, பிவேர், கேர்ஃபுல், நோட்டீஸ், ஸ்டாப். இவற்றுள் சில பலகையில் மட்டும் வாழ்பவை, சில வாயில் மட்டும் வாழ்பவை. இரண்டிலும் இருந்துகொண்டு இடத்துக்கு ஒரு பொருள் தருபவையும் உண்டு. ஆங்கில அகராதி சொல்லும் பொருள்களில் பாதி இவ்வட்டாரத்தில் செல்லாது என்பதால் தனி ஆய்வு தேவைப்படுகிறது. ஆய்வு நிலத்துக்கு எல்லை: மேற்கே முக்கொம்பு, கிழக்கே திருவெறும்பூர், வடக்கே கொள்ளிடம், தெற்கே பஞ்சப்பூர்ப் பேருந்து முனையம். சமயபுரம் எல்லைக்கு வெளியே விழுகிறது. ஆனால் அங்கே போகும் பேருந்துகள் ஊருக்குள் வருவதால் அவற்றின் பின்பக்க வாசகங்களுக்கு விலக்கு இல்லை.

டஜனில் அரசு அந்தஸ்து பெற்றது டேஞ்சர். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில் 35ஆவது விதி இதற்கென்றே எழுதப்பட்டது. நடுத்தர அழுத்தமும் அதற்கு மேலும் உள்ள மின் அமைப்பு ஒவ்வொன்றிலும் கண்ணில் படும் இடத்தில் அபாய அறிவிப்பு நிலையாக மாட்டப்பட வேண்டும் என்றது அவ்விதி. அறிவிப்பு இந்தியிலோ ஆங்கிலத்திலோ, கூடவே மாவட்டத்தின் மொழியிலும் இருக்க வேண்டும். மண்டையோடும் எலும்பும் வரைந்திருக்க வேண்டும். சொல் மட்டும் போதாது என்று சட்டமே ஒப்புக்கொண்ட இடம் இது. இரண்டு மொழி, ஒரு மண்டையோடு, போதாக்குறைக்கு ஓர் எண். எண் பெரும்பாலும் 440 வோல்ட். மும்முனை இணைப்பின் பெயரளவு அழுத்தம் 415 வோல்ட்தான். மீதி 25 பயத்துக்காகச் சேர்த்தது என்று கொள்வதில் தவறில்லை.

இத்தனை ஏற்பாட்டுடன் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் அடியில் உறையூரிலும் தில்லை நகரிலும் காணக் கிடைப்பவை இஸ்திரி வண்டி, இளநீர்க் குவியல், பஞ்சர் கடை, நிழல் தேடி நிறுத்திய ஸ்கூட்டர்கள். பலகையின் மேல் டியூஷன் விளம்பரமும் காதணி விழா அழைப்பும் கண்ணீர் அஞ்சலியும் முறை வைத்து ஒட்டப்படுகின்றன. கடைசியில் சொன்னது ஒட்டப்படும்போது பலகையின் பொருள் பெரிதாக மாறுவதில்லை.

பலகையில் கவனிப்பாரற்றுப் போன டேஞ்சர், வாய்மொழியில் மனிதர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. 'டேஞ்சரான ஆளு' என்றால் அடிப்பவர் என்று பொருளில்லை; கடன் கேட்டால் இல்லை என்று சொல்ல முடியாதபடி கேட்பவர். ஸ்ரீரங்கத்து உத்திர வீதியில் 'அந்த மாமி டேஞ்சர்' என்றால் காதில் விழுந்தது எதையும் அவர் சித்திரை வீதி போய்ச் சேர்வதற்குள் பரப்பிவிடுவார் என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன இந்தச் சொல்லின் லத்தீன் வேர் ஆண்டானின் அதிகாரத்தைக் குறித்தது. ஒருவருடைய டேஞ்சரில் இருப்பது என்றால் அவர் கைக்குள் அகப்பட்டிருப்பது. ஆங்கிலேயர் எப்போதோ தொலைத்துவிட்ட இந்தப் பழம்பொருள் வாடகைக்குக் குடியிருப்போரிடம் இன்றும் பத்திரமாக இருக்கிறது: 'ஹவுஸ் ஓனர் கொஞ்சம் டேஞ்சர், ராத்திரி பத்து மணிக்கு மேல மோட்டார் போடாதீங்க.'

பிவேர் இதற்கு நேர்மாறானது. அதை வாயால் சொன்னவர் இவ்வட்டாரத்தில் அகப்படவில்லை. கேட்டில் மட்டும், அதுவும் நாயோடு மட்டும் வாழ்கிறது. அதன் தமிழ் இணை 'நாய்கள் ஜாக்கிரதை', 2014இல் திரைப்படத் தலைப்பாகவும் ஆயிற்று. இத்தொடரை இலக்கணப்படி பிரித்தால் நாய்கள் எழுவாய், ஜாக்கிரதை பயனிலை. ஜாக்கிரதை என்பது விழித்திருத்தலைக் குறிக்கும் வடசொல். ஆகவே ஆங்கிலப் பலகை வருபவருக்குக் கட்டளையிடுகிறது; தமிழ்ப் பலகை நாய்கள் விழித்திருக்கின்றன என்ற தகவலைத் தெரிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால் அந்தத் தகவலும் பிழை. பன்மை பற்றியும் ஐயம் எழுகிறது. ஒரு நாய் உள்ள வீட்டிலும் பன்மை, நாயே இல்லாத வீட்டிலும் பன்மை. இதை உயர்வுப் பன்மை என்று கொள்ளலாம். இரவு ஷிப்டு முடிந்து வருபவரைப் பாலக்கரையிலிருந்து துரத்தும் தெருநாய்க்கோ எந்த மொழியிலும் பலகை கிடையாது.

நோட்டீஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் அது கவனிக்கச் சொல்லும் சொல். சத்திரம் பேருந்து நிலையத்தில் அது கையில் திணிக்கப்படும் தாள். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டாதே என்று எழுதி வைப்பதும் ஒரு நோட்டீஸ்தான், அதன் மேலும் ஒட்டுகிறார்கள்.

வார்னிங் என்ற சொல்லைத் தனியாகக் காண்பது அரிது. அது எப்போதும் 'கொடுத்து விட்டுட்டாங்க' என்ற வினையோடு வரும். அந்த 'விட்டு' இல்லாமல் சொல்லுக்குப் பொருள் நிரம்பாது. தலைமை அஞ்சல் நிலையச் சந்திப்பில் ஹெல்மெட் இல்லாமல் பிடிபட்டவர், வருகைப் பதிவு குறைந்த மாணவர், மூன்றாம் முறை தாமதமாக வந்த ஊழியர் ஆகியோர் வீட்டுக்கு வந்து 'வார்னிங்தான்' என்று சொல்லும்போது முகத்தில் தெரிவது நிம்மதி. எனவே இவ்வட்டாரத்தில் வார்னிங் என்பதற்கு முதற்பொருள் மன்னிப்பு. இதன் உயர்ந்த வடிவம் லாஸ்ட் வார்னிங். எத்தனை முறை கொடுக்கலாம் என்பதற்கு வரம்பு இல்லை. ஒரே ஆண்டில் ஒருவர் நான்கு லாஸ்ட் வார்னிங் வாங்குவதும் வழக்கில் உண்டு. முதல் மூன்றும் கடைசி இல்லை என்பதை யாரும் சுட்டிக்காட்டுவதில்லை. சிகரெட் அட்டையில் உள்ளதும், திரையில் புகை எழுந்தவுடன் மூலையில் தோன்றுவதும் சட்டத்தால் வந்த வார்னிங்குகள். அவற்றைப் படிப்பவர்கள் புகைக்காதவர்கள்.

கேர்ஃபுல் எச்சரிக்கைப் பட்டியலில் இருந்து ஏறக்குறைய நீங்கிவிட்டது. பிள்ளையைச் சென்னை ரயிலில் ஏற்றிவிட்ட பெற்றோர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லும் 'கேர்ஃபுல்லா இரு, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு' என்பதில் எச்சரிக்கை ஒன்றும் இல்லை, அது விடைபெறுதல். அலாரம் கடிகாரத்துக்கே உரியதாகிவிட்டது. ஆயுதம் எடுங்கள் என்று இத்தாலியச் சிப்பாய்கள் கூவிய கூவலிலிருந்து பிறந்த அச்சொல், இங்கே இன்னும் ஐந்து நிமிடம் படுக்க உதவுகிறது. மார்கழி மட்டும் விதிவிலக்கு. ஸ்ரீரங்கத்தில் அந்த ஒரு மாதம் வைத்த அலாரத்துக்கு எழுகிறார்கள். ஹசார்டு, காரின் நான்கு விளக்குகளும் ஒருசேரச் சிமிட்டும் பொத்தானின் பெயராக மட்டும் பிழைத்திருக்கிறது. வண்டி பழுதாகி நின்றால் போட வேண்டிய இவ்விளக்கை, டிவிஎஸ் டோல்கேட்டில் நேராகப் போகப்போவதைத் தெரிவிக்கப் போடுகிறார்கள். இடமும் இல்லை வலமும் இல்லை என்பதை இரண்டையும் எரியவிட்டுச் சொல்லும் இந்தத் தர்க்கம் வேதாந்திகளின் கவனத்துக்குரியது.

ஸ்டாப் என்ற சொல்லுக்குத் தொல்காப்பியம் துணைக்கு வருகிறது. விரைவு பற்றி அடுக்கிச் சொல்லும் சொல்லுக்கு மூன்று வரம்பு என்பது சொல்லதிகார விதி. பள்ளிப் பாடநூலில் 'பாம்பு பாம்பு' என்று உதாரணம் காட்டுவார்கள். சத்திரத்தில் பேருந்தைப் பின்னால் எடுக்கும்போது நடத்துநர் சொல்வது 'வரலாம் வரலாம் வரலாம்', பிறகு 'ஸ்டாப் ஸ்டாப் ஸ்டாப்', கூடவே தகரத்தில் இரண்டு தட்டு. மூன்றாவது ஸ்டாப்புக்கு மேல் சொல்ல இடம் இருப்பதில்லை, பின்னால் சுவர் வந்துவிடும். தொல்காப்பியரின் வரம்பு இன்றும் மீறப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை. ஓடும் வண்டியை நிறுத்த ஸ்டாப் என்பதில்லை, 'ஹோல்டான்'. பேருந்தின் பின்பக்கம் எழுதியிருக்கும் 'ஏர் பிரேக், இடைவெளி விடவும்' என்ற வாசகம் படிக்கக் கூடிய தூரத்துக்கு ஒருவர் வந்துவிட்டாரென்றால் அவர் ஏற்கெனவே இடைவெளி விடவில்லை. லாரியின் 'சவுண்ட் ஹார்ன்' மட்டும் அட்சரம் பிசகாமல் பின்பற்றப்படுகிறது. கீழ்ப்படிவதற்கே சத்தம் போட வேண்டியிருப்பது காரணமாகலாம்.

இதுவரை பார்த்த சொற்களுக்குள் ஏறுமுகம் இறங்குமுகம் என்று ஒரு வரிசை இல்லை. டேஞ்சர் பெரிதா வார்னிங் பெரிதா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வரிசை உள்ள இடம் ஆய்வு நிலத்தில் ரயில் பாதை. நாகப்பட்டினத்திலிருந்து 1862இல் தண்டவாளம் வந்து சேர்ந்த ஊர் திருச்சி. பழைய தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமும் பொன்மலைப் பணிமனையும் வாய்த்ததால், எச்சரிக்கை ஆங்கிலம் இங்கே ஓர் உத்தியோகமாகவே பயிலப்பட்டது. வண்ண விளக்குச் சிக்னலுக்கு நான்கு நிலை: சிவப்பு ஸ்டாப், ஒற்றை மஞ்சள் காஷன், இரட்டை மஞ்சள் அட்டென்ஷன், பச்சை ப்ரொசீட். அட்டென்ஷன் என்றால் அடுத்த சிக்னலைக் குறைந்த வேகத்தில் கடக்கத் தயாராக வேண்டும். காஷன் என்றால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராக வேண்டும். இரண்டு விளக்கு எரிவது ஒரு விளக்கைவிட இலேசான எச்சரிக்கை என்பதை, எச்சரிக்கையைப் பெருக்கினால் பயம் பெருகும் என்று நம்புவோர் கவனிக்கலாம். பாதையில் வேலை நடந்தால் எந்தக் கிலோமீட்டரில் எந்த வேகம் என்று எழுதி, லோகோ பைலட்டிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு காஷன் ஆர்டர் கொடுக்கிறார்கள். அதைத் தலையாட்டி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மறந்துவிட முடியாது.

இங்கே சொல் வேலை செய்வதற்குக் காரணம் சொல்லின் கனம் இல்லை. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு செயல் கட்டப்பட்டிருக்கிறது. செய்யாவிட்டால் கேட்க ஆள் இருக்கிறது. அதே அட்டென்ஷன் நடைமேடை ஒலிபெருக்கிக்கு வந்தவுடன் கட்டுத் தளர்ந்து, 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு' என்று குழைந்துவிடுகிறது. மூன்று மொழியிலும் கேட்டு முடிப்பதற்குள் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் எந்த நடைமேடைக்கு வருகிறது என்பதைப் போர்ட்டரிடம் விசாரித்துவிடலாம்.

அலர்ட் காலத்தால் இளையது, ஆனால் பரவலில் மற்றவற்றை விஞ்சிவிட்டது. அதன் இத்தாலிய மூலத்துக்குக் காவல் மேட்டுக்கு என்று பொருள்: எதிரி வருகிறானா என்று உயரத்தில் ஏறிப் பார். உயரத்துக்குக் குறைவில்லாத ஊர் இது. மலைக்கோட்டையில் நானூறுக்கும் மேற்பட்ட படி ஏறினால் உச்சிப் பிள்ளையார் சன்னிதியிலிருந்து காவிரி, கொள்ளிடம், ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம் மூன்றும் ஒரே பார்வையில் அகப்படும். ஆனால் இன்றைய அலர்ட் மேட்டில் இல்லை, சட்டைப் பையில் இருக்கிறது. வங்கி அனுப்பும் அலர்ட் பணம் போனபின் வருகிறது. எதிரி கோட்டைக்குள் புகுந்து கஜானாவைத் தூக்கிக்கொண்டு போன பிறகு ஊதும் கொம்பை எச்சரிக்கை என்பதா இரங்கற்செய்தி என்பதா என்பது தனி ஆய்வுக்குரியது. 2023இல் மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை கைப்பேசிகளுக்கு எமர்ஜென்சி அலர்ட் அனுப்பிச் சோதித்தது. பூஜை அறையிலும் வகுப்பறையிலும் ஒருசேர அலறிய அந்தச் செய்தியைத் திறந்து பார்த்தால், இது சோதனை, எதுவும் செய்ய வேண்டாம், பொருட்படுத்த வேண்டாம் என்று எழுதியிருந்தது. எச்சரிக்கை வரலாற்றில் முழுமையாகக் கீழ்ப்படியப்பட்ட அறிவிப்பு இதுவாகத்தான் இருக்கும்.

எமர்ஜென்சிக்கு இவ்வூரில் ஒரு செவ்வியல் எடுத்துக்காட்டு உண்டு. 2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு. எரிபொருளைத் தீர்ப்பதற்காக இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக அது வானத்தில் வட்டமடித்தது. கீழே விமான நிலையத்தில் ஃபுல் எமர்ஜென்சி அறிவித்து, தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் அணிவகுத்தன. தொலைக்காட்சிகள் நேரலையில் இறங்கின. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது, யாருக்கும் காயமில்லை. விமானிகள் எமர்ஜென்சி எதையும் அறிவிக்கவில்லை என்று நிறுவனம் பின்னர் விளக்கம் தந்தது. ஆக, மேலே எமர்ஜென்சி இல்லை, கீழே ஃபுல் எமர்ஜென்சி. இரண்டுக்கும் நடுவே அந்தச் சொல் இரண்டு மணி நேரம் சுற்றியிருக்கிறது. அன்று கீழே இருந்தவர்கள் செய்தது சரி என்பதில் ஐயமில்லை. அங்கேயும் சொல்லோடு தீயணைப்பு வண்டி என்ற செயல் கூடவே வந்தது.

எஞ்சியிருப்பது ஆற்றங்கரை. எச்சரிக்கைச் சொற்கள் அனைத்துக்கும் இறுதித் தேர்வு நடக்கும் இடம் அதுதான். ஆற்றை நிரப்பும் மழைக்கு இந்திய வானிலை ஆய்வுத் துறை நான்கு நிறம் வைத்திருக்கிறது: பச்சைக்கு எச்சரிக்கை இல்லை, மஞ்சளுக்கு வாட்ச், ஆரஞ்சுக்கு அலர்ட், சிவப்புக்கு வார்னிங். எனவே செய்திகளில் தினமும் ஒலிக்கும் 'ரெட் அலர்ட்' துறையின் கணக்குப்படி இரண்டு படிகளின் கலப்பு; அலர்ட் ஆரஞ்சோடு முடிந்துவிடுகிறது. திருத்தச் சொன்னாலும் யாரும் திருத்தப்போவதில்லை. ரெட் வார்னிங் என்று சொன்னால், மேலே கண்டபடி, மழை இந்த முறை மன்னித்து விட்டுவிட்டது என்று பொருள்படும் அபாயமும் இருக்கிறது.

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு உபரிநீர் திறக்கப்பட்டால் காவிரி, கொள்ளிடக் கரையோர மக்களுக்கு 'வெள்ள அபாய எச்சரிக்கை' விடுக்கப்படுகிறது. மூன்று சொல்லையும் சேர்த்துக் கட்டிய இந்தத் தொடர், ஆட்டோவில் ஒலிபெருக்கி வைத்துத் தெருத்தெருவாகச் சொல்லப்படும்போது ஊரார் செய்வது என்ன? காவிரிப் பாலத்துக்குப் போகிறார்கள். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கும் ஆற்றில் கரை தொட்டு நீர் போவதைப் பார்க்காமல் வீட்டில் இருப்பவரைக் கல்நெஞ்சர் என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே இவ்வூரில் வெள்ள எச்சரிக்கை நடைமுறையில் ஓர் அழைப்பிதழ். ஆடிப்பெருக்கும் வெள்ளமும் ஒன்றாக வந்துவிட்டால் அம்மா மண்டபப் படித்துறையில் தடுப்புக் கட்டிப் போலீசார் நிற்க வேண்டியிருப்பது இதனால்தான். 'மாமி, தண்ணி ஏறிண்டே வர்றது, மேல வாங்கோ' என்று பக்கத்துப் படியில் நிற்பவர் சொல்வதற்கு உள்ள மதிப்பு ஒலிபெருக்கிக்கு இல்லை.

2018 ஆகஸ்டில் இந்தப் பழக்கம் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 1928இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. அதே மாதம் 22ஆம் தேதி இரவு, 1836இல் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. இரண்டையும் பார்க்கக் கூட்டம் திரண்டது. கூட்டத்தைத் தடுக்கப் போலீஸ் வந்தது. புதுப் பாலம் 2016இலேயே திறக்கப்பட்டு, பழைய பாலத்தில் வண்டிகள் ஓடாதிருந்தது நல்லதாயிற்று. அங்கே மனிதரைக் காத்தது பலகையும் இல்லை, சொல்லும் இல்லை, பாதையை அடைத்திருந்ததுதான்.

வானிலைத் துறை தன் நிறங்களோடு செயலையும் சேர்த்தே எழுதியிருக்கிறது: மஞ்சளுக்குச் செய்தியைக் கவனி, ஆரஞ்சுக்குத் தயாராகு, சிவப்புக்கு நடவடிக்கை எடு. ரயில்வேயைப் போலவே. ஊருக்கு வந்து சேரும்போது செயல் வழியில் உதிர்ந்து சொல் மட்டும் வருகிறது. ஆகவே காவிரிக் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் வசிப்போர் அடுத்த வெள்ள எச்சரிக்கையைக் கேட்டதும் ஆடுமாடுகளை அவிழ்த்துக்கொண்டு மேட்டுக்குப் போகவும். பாலத்துக்குப் போக வேண்டாம். தண்ணீரைத் தொலைக்காட்சியில் காட்டுவார்கள்.